கண்மணி மாதிரி ஒரு நாய் தண்டையார்பேட்டையில் சாத்தியமா?

மூலக்கொத்தளம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். அவனுக்கு 26 வயது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, பார்வை மெல்ல மெல்லப் போகிற விழித்திரை நோய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இரவில் மட்டும்தான் தடுமாறுவான். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். வங்கியில் வேலை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்கி, ஸ்டிக் தட்டிக்கொண்டு தானாகவே போய்வருகிறான். அந்த விஷயத்தில் எங்களுக்குப் பயமில்லை. அம்மாவுக்கு மட்டும் உண்டு, அது எப்போதும் உண்டு.

போன மாதம் வீட்டில் நெற்றிக்கண் படம் ஓடியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காட்சியெல்லாம் சொல்லச் சொல்லக் கேட்டான். நயன்தாராவை விட்டுவிட்டான், அந்தக் கண்மணி என்கிற நாயைப் பிடித்துக்கொண்டான். கண்மணிக்கு நேர்ந்ததைக் கேட்டு ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அப்புறம் தொடங்கியதுதான்: "அண்ணா, எனக்கு ஒரு கண்மணி வேணும்."

விசாரித்தேன். ஒரு கென்னல்காரர், லாப்ரடார் குட்டியும் தருகிறேன், மூன்று மாதத்தில் 'பிளைண்ட் டிரெய்னிங்'கும் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம். தருவதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை. நிஜமாகவே வழிகாட்டி நாயோடு வாழ்ந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எங்கள் தெருவில் இது நடக்குமா? அவன் கேட்க, படிக்க நல்ல படமோ புத்தகமோ இருந்தாலும் சொல்லுங்கள். கடைசியில் நாய் சாகாத கதையாக இருந்தால் புண்ணியமாகப் போகும்.

மகாராணி பால்கனி எழுதியது:

சகோ, சினிமாப் பக்கத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நெற்றிக்கண் 2011-ல் வந்த பிளைண்ட் என்ற கொரியப் படத்தின் ரீமேக். நாயும் அங்கிருந்து வந்ததுதான். நம் ஆட்கள் சொந்தமாக யோசித்த படங்களில் கண் தெரியாதவருக்கு நாய் துணை வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ராஜபார்வையில் கமலுக்கு வயலின். காசியில் விக்ரமுக்குப் பாட்டு. குக்கூவில் எலெக்ட்ரிக் டிரெயினும் ஒருவருக்கொருவரும். நாய் என்றால் நமக்கு வில்லனைக் கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காமெடியன் வேட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும்.

2004-ல் குயில் என்று ஒரு ஜப்பானியப் படம் வந்தது. பறவை இல்லை, நாயின் பெயர். இயக்கியவர் யோயிச்சி சாய். உண்மையில் வாழ்ந்த ஒரு வழிகாட்டி லாப்ரடாரின் கதை, பிறந்ததிலிருந்து கடைசி வரைக்கும். ஆமாம், கடைசி வரைக்கும். ஆனால் குத்துவெட்டு கிடையாது, வயதாகித்தான் போகிறது. உங்கள் நிபந்தனையில் பாதி தேறும்.

மிண்ட் மாடிவீடு எழுதியது:

துணிக்கடைக் கூட்டம் நெருக்கும் எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அந்த நாயைக் கூட்டி வாருங்கள். அதற்கே வழிகாட்ட இன்னொரு நாய் வேண்டியிருக்கும்.

கல்மண்டபத்துக்காரி எழுதியது:

மூலக்கொத்தளம் தம்பி, இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டும். போனில் டாக்பேக் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி) வைத்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கல்மண்டபம். எனக்கும் பார்வை கிடையாது, கிளாக்கோமா. கல்யாணமாகி இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்குப் போனேன், அங்கேயே வேலையும் கிடைத்தது. அங்கே எனக்கு ஒரு வழிகாட்டி நாய் இருந்தது. பெயர் பார்லி, மஞ்சள் லாப்ரடார். இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்துவிட்டேன். இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை, கையில் பழைய ஸ்டிக்.

படம் பார்த்தவர்கள் எல்லோரும் நினைப்பது, நாய் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று. அது போவதில்லை. பார்லிக்கு என் ஆபீஸ் எங்கே என்ற கவலை கிடையாது. எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எத்தனையாவது சந்து என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்க வேண்டும். நான் "லெஃப்ட்" என்றால் அது இடது பக்கம் திரும்பும். அதன் வேலை வேறு: நேராக நடப்பது, எதிரில் இருப்பதைச் சுற்றிப் போவது, நடைபாதை முடியும் விளிம்பில் நிற்பது, படிக்கட்டு வந்தால் நிற்பது, சொன்னால் கதவையோ காலி நாற்காலியையோ தேடிக் காட்டுவது. தனக்கு இடம் இருந்தால் போதாது, என் தோளுக்கும் தலைக்கும் இடமிருக்கிறதா என்றும் பார்க்கும். அது எனக்குக் கடைசிவரை ஆச்சரியம்தான், நாலு காலில் நடக்கிற ஜீவன் ஐந்தரை அடி மனுஷியின் உயரத்தைக் கணக்குப் பண்ணுகிறதே என்று.

அடுத்து, சிக்னல். "பச்சை விழுந்ததும் கூட்டிப் போகுமாமே" என்று அங்கேயும் கேட்பார்கள், இங்கேயும் கேட்பார்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் நமக்குப் போலப் பிரிந்து தெரியாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு, இப்போது போகலாம் என்று முடிவெடுப்பது நாம்தான். அங்கே சிக்னல் கம்பத்துப் பெட்டிக்கு அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு குமிழ் இருக்கும். பச்சை விழுந்தால் அது சுற்றும். விரலை வைத்துக்கொண்டு நிற்போம். பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் நான் "ஃபார்வர்ட்" என்று சொல்லி, அது தப்பு என்று பட்டால் நாய் நகராது. இதைத்தான் பயிற்சியில் பெரிய விஷயமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். கீழ்ப்படிய எல்லா நாய்க்கும் சொல்லித்தரலாம், எப்போது கீழ்ப்படியக் கூடாது என்று சொல்லித்தருவதுதான் கஷ்டம். ஒரு மழைநாளில் எலெக்ட்ரிக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் வந்திருக்கிறது. நான் ஃபார்வர்ட் என்கிறேன், பார்லி கல்லாக நிற்கிறது. எனக்குக் கோபம். மறுபடி சொல்கிறேன். நகரவில்லை. முகத்துக்கு முன்னால் காற்று மட்டும் போனது. குரைக்கவில்லை, பாயவில்லை, என்னைத் தள்ளிவிட்டுத் தான் அடிபடவில்லை. சும்மா நின்றது. இதை எந்த டைரக்டரும் எடுக்கமாட்டார், திரையில் பார்க்க ஒன்றுமே இல்லை.

வீட்டு வாழ்க்கை வேறு. ஹார்னஸை, அதாவது நான் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியோடு அதன் உடம்பில் மாட்டும் வாரை, கழற்றியதும் அது சாதாரண நாய். சோபாவில், புடவையில், சாம்பாரில்கூட முடி. பனி கொட்டினாலும் விடியற்காலையில் வெளியே கூட்டிப் போக வேண்டும். கண் தெரியாதவர்கள் நாயின் மலத்தை எப்படி அள்ளுவார்கள் என்று யாருமே கேட்பதில்லை, கேட்க நினைப்பார்கள். முதுகைத் தொட்டுப் பார்த்தால் வளைந்திருக்கும், கை வைத்த இடத்திலிருந்து கணக்குப் பண்ணிப் பையோடு குனிய வேண்டியதுதான். புத்தகங்களில் இந்த அத்தியாயம் இருக்காது.

சாப்பாட்டு ஆசை இருக்கிறதே! 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த ஒன்றைப் படித்துச் சிரித்தேன். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை, அதனால் பசி அடங்காது. அவர்கள் சோதித்த உதவி நாய்களில் இது 76 சதவீதம். பிஸ்கட்டுக்காக எதையும் கற்றுக்கொள்கிற நாய்தானே பயிற்சியில் தேறும், அதனால் இருக்கலாம் என்கிறார்கள். அந்த ஜீவனைக் காசிமேடு மீன் ஏலத்துக்கு நடுவே நடத்திப் போவதை நினைத்துப் பாருங்கள். நானே கடலில்தான் போய் நின்றிருப்பேன்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்டில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் பார்லியின் பெயர் தெரியும், என் பெயர் தெரியாது. "குட் மார்னிங் பார்லி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் கைப்பிடியின் மறுமுனை. ஆனாலும் ஸ்டிக்கோடு நடந்த காலத்தில் அந்தக் குட் மார்னிங்கூட இல்லை.

இனி உங்கள் தெரு. தண்டையார்பேட்டையில் நடக்குமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வெயிலும் குழியும் ஒரு காரணம். மே மாதத் தார் ரோட்டில் நாய்க்குப் பாதம் வெந்துவிடும். நடைபாதை என்று இருப்பதில் பாதி பைக், மீதி இட்லிக் கடை. நாய் நேராக நடக்க நேரான இடம் வேண்டாமா? ஒவ்வொரு பத்தடிக்கும் சாலையில் இறங்கி ஏறினால், டி.எச். ரோட்டில் அடுத்து வருவது கண்டெய்னர் லாரி. இரண்டாவது, தெரு நாய்கள். ஹார்னஸ் மாட்டிய நாய் சண்டைக்குப் போகக் கூடாது என்றே வளர்ந்தது. நாலு பக்கமும் நின்று குரைத்தால் அது வேலையை விட்டுவிடும். இரண்டு முறை கடி வாங்கினால் அப்புறம் அந்த நாய் எங்குமே வழிகாட்டாது.

நான் பெரிதாக நினைப்பது வேறொரு காரணம். அங்கே நாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. குட்டியை ஒரு குடும்பம் ஒரு வருஷத்துக்கு மேல் வளர்க்கும், பஸ், கடை, மழை, கூட்டம் எல்லாம் பழக்கும். அப்புறம் பயிற்சியாளர் மாதக்கணக்கில் பழக்குவார். எல்லாக் குட்டியும் தேறாது. தேறினதையும் என் நடை வேகம், என் வீட்டுச் சூழல் பார்த்துத்தான் பொருத்தினார்கள். பிறகு நானும் நாயும் வாரக்கணக்கில் சேர்ந்து பயிற்சி எடுத்தோம். அதற்கு அப்புறமும் ஆள் வந்து, என் ஆபீஸ் வழியில் பின்னாலேயே நடந்து பார்த்தார். நாய் கொஞ்சம் சோம்பினால், நான் கொஞ்சம் இளகினால், சரிசெய்ய ஆள் உண்டு. என் கையிலிருந்து போனது பெயருக்கு ஐம்பது பென்ஸ், மற்றதெல்லாம் நன்கொடையில் நடக்கிறது. மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிற கென்னல்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தம்பியும் நாயும் சேர்ந்து எத்தனை நாள் பயிற்சி எடுப்பார்கள்? அவர் யோசித்தால் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நாய் வளர்க்க ஆசை என்றால் தாராளமாக வளர்க்கட்டும். சோபாவுக்கு.

புத்தகத்துக்கு வருகிறேன். இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று அவனுக்கு ஆர்வமிருந்தால், ஜெர்மனியில் ஓல்டன்பர்க்கில் 1916-ல், முதல் உலகப் போரில் பார்வை போன சிப்பாய்களுக்காக ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். பிறகு டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-ல் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத, அந்தக் கட்டுரையைத் தன் அப்பா படித்துக் காட்டக் கேட்ட மோரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர் சுவிட்சர்லாந்துக்கே போய் நாயோடு திரும்பினார். நாயின் பெயர் 'கிஸ்'. ஊரில் கூப்பிடக் கூச்சப்பட்டு 'பட்டி' (Buddy, தோழன்) என்று மாற்றினார். 1928-ல் நியூயார்க்கில் இறங்கினதும், நிருபர்கள் பார்க்க, நெரிசலான ஒரு சாலையை அந்த நாயோடு கடந்து காட்டினார். இது 1984-ல் டிஸ்னி படமாகவும் வந்தது.

தம்பி முதலில் படிக்க வேண்டியது மைக்கேல் ஹிங்சனின் தண்டர் டாக். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் 78-வது மாடியிலிருந்து ரோசெல் என்ற நாயோடு படியிறங்கி வந்தவர். பத்திரிகைகள் "நாய் காப்பாற்றியது" என்று எழுதின. அவரோ, நாங்கள் இரண்டு பேரும் ஒரு அணி என்கிறார். கட்டிடத்தில் எந்தப் படிக்கட்டு எங்கே என்று முன்பே நடந்து நடந்து தெரிந்து வைத்திருந்தவர் அவர். இடிச் சத்தத்துக்கு நடுங்குகிற நாய் அது, புத்தகத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த நாய்தான் அன்றைக்கு நிதானமாக இறங்கியது.

ஷீலா ஹாக்கன் 1977-ல் எழுதிய எம்மா அண்ட் ஐ இன்னொன்று. கொஞ்சம் இனிப்பு தூக்கல், ஆனால் அதில் ஒரு வினோதம் உண்டு. அறுவை சிகிச்சையில் ஷீலாவுக்குப் பார்வை வந்துவிடுகிறது. எல்லோரும் கொண்டாட, எம்மாவுக்கு வேலை போய்விடுகிறது. நான் அந்தப் பக்கங்களில்தான் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் நாய் சாவதை எல்லோரும் எடுக்கிறார்கள், ஓய்வு பெறுவதை எடுப்பதில்லை. பார்லிக்கு ஒன்பது வயது தாண்டியதும் படிக்கட்டில் ஒரு நொடி தயங்க ஆரம்பித்தது. எனக்குக் கைப்பிடியிலேயே தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியாளர் வந்து பின்னால் நடந்தார், அவரும் உடனே சொல்லவில்லை. அப்புறம் ஹார்னஸைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் காலை நான் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப, அது வழக்கம் போல வாசலில் என் இடது பக்கம் வந்து நிற்கிறது. இதற்குக் கத்தி எடுத்த வில்லன் தேவையே இல்லை.

பார்லி இப்போது அங்கே ஒரு வயதான தம்பதி வீட்டில் இருக்கிறது. அவர்கள் முன்பிருந்தே அதை வாக்கிங் கூட்டிப் போய்க்கொண்டிருந்தவர்கள். வீடியோ காலில் என் அம்மா "டேய் பார்லி, சாப்டியா" என்று தமிழில் கேட்பார். காது ஆட்டுகிறதாம். இங்கே கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். மூட்டுவலி வந்த நாய்க்கு வண்ணாரப்பேட்டை மூன்றாம் மாடி எதற்கு?

பேசின் பிரிட்ஜ் பெரியவர் எழுதியது:

கல்மண்டபத்து அம்மா எழுதியதில் தெரு நாய் விஷயம் முழுக்க உண்மை. நான் இருபது வருஷத்துக்கு மேல் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவன், எனவே என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பேசின் பிரிட்ஜில்தான் ஒரு காலத்தில் மாநகராட்சி நாய்களைப் பிடித்து வந்து கொல்லும். 1996-ல்தான் அது நின்று, கருத்தடை செய்து அதே தெருவில் விடும் முறை வந்தது. காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை ஆனது என்று அர்த்தம்.

தம்பிக்கு ஒரு யோசனை. அவர் தினமும் போகிற வழியில் படுத்திருக்கிற நாய்கள் எவை, யார் சோறு வைக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு நாள் விசாரித்து, அந்த ஆளிடம் தம்பியைக் கூட்டிப் போய் நிறுத்துங்கள். அந்த ஆள் கையால் நாலு நாள் பிஸ்கட் போடச் சொல்லுங்கள், தம்பியும் பக்கத்தில் நிற்கட்டும். நாய் தம்பியின் வாசனையையும் ஸ்டிக் சத்தத்தையும் பழகிவிடும். தூங்குகிற நாயின் வால்மீது திடீரென்று ஸ்டிக் பட்டால்தான் வம்பு. கொஞ்சம் தள்ளியே சத்தமாகத் தட்டிக்கொண்டு வந்தால் எழுந்து நகரும். எதற்கும், கீறல் பட்டால்கூட சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

மூலக்கொத்தளம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைத் தம்பி தன் போனில் திரும்பத் திரும்பக் கேட்டான். எலெக்ட்ரிக் கார் இடத்தை அம்மாவையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தான், அது தேவையில்லாத வேலை. கென்னல்காரரிடம் நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "நாய்க்குத்தான் சார் டிரெய்னிங், உங்க தம்பிக்கு எதுக்கு?" என்றார். முடிந்தது.

தம்பி இரண்டு விஷயம் கேட்கச் சொன்னான். ஷெஃபீல்டிலிருந்து வந்து மறுபடி ஸ்டிக்கோடு இங்கே நடப்பது எப்படி இருக்கிறது? அப்புறம், அந்த ஜப்பானியப் படத்துக்கு சப்டைட்டில்தானே இருக்கும், அவன் எப்படிப் பார்ப்பது?

கல்மண்டபத்துக்காரி எழுதியது:

தம்பிக்கு: முதல் மாதம் அழுகையாக வந்தது. பார்லியோடு வீசி நடந்தவளுக்கு, ஒவ்வொரு அடியாகத் தட்டி நடப்பது பொறுக்கவில்லை. இப்போது பழகிவிட்டது. இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற போர்டும் லாரியின் பின் கதவும்தான் ஸ்டிக்குக்கு அகப்படாது. அதற்கு டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்மார்ட் கேன் வாங்கியிருக்கிறேன், எதிரில் ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும். கூட்டத்தில் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், எம்.சி. ரோட்டில் அணைத்துவிடுவேன். மெட்ரோவுக்குள் எங்களுக்கு வழி தெரியத் தரையில் பதித்த மேடுபள்ளக் கல் அருமை. வெளிவாசலோடு அது முடிந்துவிடுகிறது.

அங்கே இல்லாத ஒன்று இங்கே உண்டு. டோல்கேட்டில் நின்றால் போதும், நான் கேட்காமலே ஒரு கை வந்து முழங்கையைப் பிடித்துச் சாலையின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். சில சமயம் நான் போக வேண்டிய பக்கம் அது இல்லை. பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் தோளில் நான் கை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லப் பழகியிருக்கிறேன். நம் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரு முறை சொன்னால் மறக்கமாட்டார்கள்.

குயில் படத்தை நான் என் அக்கா பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். அவள் சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பேச்சு குறைவான படம், மூச்சு விட நேரம் இருக்கும். எஜமானர் முதலில் இறந்துவிடுகிறார், நாய் கடைசியில் தன்னைக் குட்டியில் வளர்த்த வீட்டுக்கே திரும்புகிறது. நான் ஓய்வைப் பற்றிச் சொன்னேனே, அதை ஒழுங்காக எடுத்த படம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அம்மாவை வாசிக்கச் சொல்லாதீர்கள், அவர் பாதியில் அழுது கதையை விட்டுவிடுவார். நீங்களே உட்காருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

புத்தகங்களுக்கு, தம்பி இன்னும் சேராவிட்டால், பார்வை இல்லாதவர்களுக்கான இணைய நூலகங்களான சுகம்ய புஸ்தகாலயாவிலும் புக்‌ஷேரிலும் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும். பதிவதில் எங்காவது சிக்கினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பட்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன்.